கதவைச் சாத்தாமல் பாடியவன்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரைக்கும், கரண்டுக் கம்பம் வந்த ஊரிலும் வராத ஊரிலும், முதல் குழாய் ஸ்பீக்கர் கட்டிய உள்ளூர்க்காரன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அனுப்பம்பட்டில் அடுத்தவர் களத்து நெல்லுக்குக் காவல் படுத்துக்கொண்டிருந்தவன், காயலான் கடையில் கிடந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிவந்து அதன் வயிற்றைப் பிரித்தேன். பிரித்ததைப் பூட்டத் தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பூட்டினேன். பாடியது. அங்கே ஆரம்பம். கரண்டு இல்லாத குப்பங்களுக்கு பேட்டரியைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் திருவிழா நடத்திக் கொடுத்தேன். ஜெனரேட்டர் வாங்கினேன். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, முகத்துவாரம் போகிற பக்கம், சவுக்குத்தோப்பு ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டேன். சுவர் நாலு பக்கமும் கிழிந்த பருத்தி வலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, அதன்மேல் சாக்கைத் தைத்து, மெட்ராஸ்காரன் கண்ணாடி அறைக்குள் செய்கிற ரெக்கார்டிங்கை உப்புக்காற்றுக்கு நடுவில் செய்தேன். எந்த இன்ஜினீயரும் சொல்லித் தரவில்லை. மழை நாளில் வலையில் இருந்த உப்பு கசிந்து மைக்கைத் தொட்டவனுக்கெல்லாம் ஷாக் அடித்தது உண்மை. ஆனால் சத்தம் வெளியே போகவில்லை, வெளிச் சத்தம் உள்ளே வரவில்லை. அதுதானே வேலை.

அந்தக் கொட்டகையில் நான் பிடித்த பாட்டுகளை இப்போது இசைத்தட்டாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'லைட்டவுஸ் பாய்ஸ்' குழுவின் வெளிவராத பாட்டுகள், பாதியில் நின்றவை, தப்பிப்போய் மறுபடி எடுத்தவை, ஒத்திகையில் பேசிக்கொண்டது, எல்லாம் சேர்த்த தொகுப்பு. சென்னையில் இருக்கும் ஒரு தம்பி என் பரணில் கிடந்த டேப் ஸ்பூல்களை வாங்கிப் போய், பூஞ்சை துடைத்து, பொறுமையாகச் செய்திருக்கிறார். நல்ல பிள்ளை. பத்திரிகையில் அபிப்பிராயம் எழுதுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் பாட்டைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பாடியவனைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவன் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கிறது. அதை நான் இங்கே மறுபடி சொல்லத் தேவையில்லை. அட்டையில் இல்லாத பெயர் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அட்டையோடு வரும் புத்தகத்தில், இந்தக் குழுவின் பாட்டுகள் திடீர் திடீரென்று நின்றுபோவது ஒரு புது பாணி என்று எழுதியிருக்கிறார்கள். கேட்பவனை அந்தரத்தில் விடுகிற துணிச்சலாம். வாசித்துவிட்டு என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

பாணியும் இல்லை, துணிச்சலும் இல்லை. அவனுக்குப் பயம். தட்டைப் போட்டு, பாட்டு நிற்கிற இடத்தில் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கிட்டார் நிற்பதற்குச் சற்று முன்னால் மெல்லிய குரலில் ஒரு சொல் இருக்கும். "இரு." அதுதான் அவன். அவனை எனக்குத் தெரிந்த வருஷங்கள் முழுக்க அவன் வாயில் அதிகம் கேட்ட சொல் அதுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், கை நின்றுவிடும். "இரு." எதிரில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடல் இருக்கிற பக்கம் காதைத் திருப்பி, கண் எங்கேயோ நிற்க, மூச்சை அடக்கிக் கேட்பான். பிறகு, ஒன்றுமில்லை என்பதுபோல் மறுபடி பிசைவான்.

மீன்பிடிக்கிற குடும்பம். ஆனால் கை கிட்டாருக்குப் பிறந்தது. அந்தக் கிட்டாரையும் நான்தான் மெட்ராஸிலிருந்து பழையதாக வாங்கிக் கொடுத்தேன், கரண்டு ஓடுகிற மாதிரி உள்ளே செம்புக்கம்பிச் சுருள் சுற்றியதும் நான்தான். டிரம் அடித்தவன் பழவேற்காட்டுப் பாய் வீட்டுப் பிள்ளை. அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இவர்கள் கெட்டுப்போனார்கள், அல்லது நன்றானார்கள். தடித்த கம்பி கிட்டார் வாசித்தவன் திருப்பாலைவனத்து நெல் விவசாயி மகன். அவன் வாசிப்பதும் ஏர் ஓட்டுவதுபோல் நேராக இருக்கும், கோணாது. மூன்று பேரும் சேர்ந்து, மெல்லிசைக் கச்சேரியில் சினிமாப் பாட்டு முடிந்த பிறகு, தாங்களே கட்டிய பாட்டை முரட்டு சத்தத்தில் எடுத்துவிடுவார்கள். பாதி ஜனம் எழுந்து போகும். மீதி ஜனம் எழுந்து ஆடும்.

திருப்பாலைவனத்துத் திருவிழாவில் ஒரு முறை. ஊர் உள்ளே இருக்கிறது, கடல் காதுக்கு எட்டாது. அன்றைக்கு அவன் விரல் தந்தியில் நிற்கவே இல்லை. இரண்டாவது பாட்டில் மேடையிலிருந்து குதித்துவிட்டான். பழவேற்காட்டிலிருந்து வந்து நின்ற பஸ்ஸை நோக்கி ஓடி டிரைவரிடம் கேட்கிறான்.

"அண்ணே, கடல் எப்டி கீது?"

"உப்பா கீது. போய்ப் பாட்ற வேலையப் பாருடா" என்றார் டிரைவர்.

கூட்டமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "காத்து இன்னாண்ணே? வாடையா?" என்று மறுபடி கேட்டான். வாடைக்காற்று என்றால் முகத்துவாரத்தில் படகுக்கு ஆபத்து, டிரைவருக்கும் முகம் மாறிவிட்டது. நல்லா கீதுப்பா, எல்லாப் படகும் கரையில் கீது என்று சொன்ன பிறகுதான் திரும்பிவந்து ஏறினான். பொன்னேரியில் சினிமா பார்க்கப் போனாலும் வெளிவாசல் ஓரத்து இருக்கைதான், செருப்புக் காலைக் கதவிடுக்கில் வைத்துக்கொள்வான். பொன்னேரியில் எந்தக் கடல் கேட்கும்?

எனக்கு இது ஏன் என்று முதலில் தெரியாது. டிரம் பாய்தான் ஒரு நாள் டீக்கடையில் சொன்னான்.

"அவுங்க நைனா மொகத்துவாரத்துலதான் போனாரு, தெரியுமா உங்களுக்கு? கல்யாணம் ஒண்ணு. ஸ்பீக்கர் கட்டி பாட்டு. இவன் அதுக்கு நேர்கீழ ஆடினு கீறான். அந்தாண்ட படகு கவுந்து, மனுசன் கத்தினு கீறாரு. யாருக்குக் கேக்கும்?"

"அந்த ஸ்பீக்கர் என்னுது இல்ல பாய்" என்றேன் உடனே.

"யார் உங்களுதுன்னா? மீஞ்சூர்காரன் செட்டு. நீங்க அப்ப தொழிலுக்கே வரல."

அது என் செட் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கோட்டைக்குப்பத்தில் இன்றைக்கும் சிலர் மாற்றிப் பேசுவார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு, அவன் "இரு" என்று சொல்லும்போதெல்லாம் நானும் சேர்ந்து காதைக் கொடுக்க ஆரம்பித்தேன். பயம் தொத்திக்கொள்கிற வியாதி. அவனுக்கு மிச்சம் இருந்தது ஓர் அண்ணன். அந்த அண்ணன் தினமும் அதே முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போய் வந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைவு. பொன்னேரியில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு மெட்ராஸ் ரெக்கார்டு கம்பெனி மேனேஜர் ஒருவர் விருந்தாளியாக வந்திருந்தார். கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் வந்து என்னைத்தான் தேடினார். பொங்கலுக்குள் ஒரே ஒரு பாட்டு, முழுசாக, சுத்தமாகப் பிடித்துக் கொண்டுவாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். போகும்போது திரும்பி, "நாய் குரைக்கக் கூடாது, பஸ் ஹாரன் கூடாது" என்றார். எங்களைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கொட்டகைக் கதவைச் சாத்தினால் அவன் பாட மாட்டான். வலையும் சாக்கும் கடலை முழுசாக விழுங்கிவிடும். அந்த மௌனத்தில் அவன் முதல் வரியிலேயே "இரு" என்பான், போய்க் கதவைத் திறப்பான். திறந்தால் குரல் அருமையாக வரும். கூடவே நாய் வரும், இறால் விற்கிறவள் சண்டை வரும், பழவேற்காட்டு பஸ் வரும். தட்டில் முதல் பக்கம் முழுவதும் இந்தக் கூத்துதான். "இவன் பாட வரல, காவலுக்கு வந்துகீறான்" என்று டிரம் பாய் சொல்வதுகூட அதில் விழுந்திருக்கிறது. ஐப்பசி போனது. கார்த்திகை பாதி போனது. ஒரு பாட்டுகூட முழுசாக இல்லை. விவசாயி மகன் வீட்டில் அறுப்புக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். டிரம் பாயை சிங்கப்பூர் மாமா வேலைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பொங்கல் விட்டால் குழு இல்லை என்பது நாலு பேருக்கும் தெரியும்.

இங்கேதான் நான் வருகிறேன்.

அவனுக்குக் கதவு வேண்டாம், கடல்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது. கடலை அவன் காதுக்கு மட்டும் கொண்டுவந்துவிட்டால்? திருவிழாக்களுக்கு இழுக்கிற மைக் ஒயர் என்னிடம் சுருள் சுருளாக இருந்தது. சவுக்குத்தோப்பு வழியாக மரத்துக்கு மரம் கட்டிக் கரை வரைக்கும் இழுத்தேன். கரையில் மைக் வைத்தால் காற்று அடித்து 'பர்ர்' என்று இரைச்சல்தான் வரும், கடல் வராது. அதற்குப் பானை வேண்டும். அகலமான வாய், மண் பானை. மைக்கை உள்ளே தொங்கவிட்டு, வாயில் மெல்லிய வேட்டித் துணியைக் கட்டி, கடலைப் பார்க்கச் சாய்த்து வைத்தால் காற்று வெளியே நின்றுவிடும், அலை உள்ளே போகும். இதை எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

வீட்டில் மீன் கழுவுகிற பானையைத் தூக்கும்போது மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எங்கய்யா தூக்கினு போற அத்த?"

"கடலுக்கு."

"நாளிக்கு எறாவுக்கு நான் இன்னா பண்றது?"

"நாளிக்குப் பாட்டு வரப்போவுது."

"பாட்டக் கொழம்பு வெச்சி துன்னு" என்றாள். ஆனால் வேட்டித் துணியை அவள்தான் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு சின்னக் குறை இருந்தது. என் மிக்ஸர் பெட்டியில் வெளியே போக ஒரே வழிதான். அவன் காதுக்குப் போவது டேப்புக்கும் போகும். போகட்டும், மெல்லிசாக வைத்தால் மேனேஜர் டேப் இரைச்சல் என்று நினைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்தோம். ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொல்லி அவனே கை காட்டினான். அதுவரைக்கும் நான் பார்க்காத காட்சி.

"கேக்குதா?" என்றேன்.

"கொஞ்சம் ஏத்து, நைனா." என்னை விட வயதில் கொஞ்சம்தான் சின்னவன், ஆனால் மனம் இளகினால் என்னை நைனா என்பான். "ஆங். போதும். ஒரே அலையாத்தான் வருது. அண்ணன் வெளியதான் கீறான், வர நேரம்தான்."

முதல் தடவை டிரம் பாய் தப்பினான். அடுத்த தடவை ஜெனரேட்டர் இருமியது. அதற்கடுத்தது, இந்தத் தொகுப்பில் கடைசியாக வைத்திருக்கிறார்களே, அது. நான் எத்தனையோ பாடகர்களுக்கு மைக் பிடித்தவன். அந்த மாதிரிக் குரலை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பாட்டு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. வீட்டில் இருப்பவள் வெளியே போனவனுக்குக் காத்திருக்கிறாள். ஒவ்வொரு அடியும் "வந்துட்டானா பாரு" என்று முடியும். கடைசி அடியில் மட்டும்தான் ஆள் வருவான். அந்தக் கடைசி அடி வரப்போகிறது. விவசாயி மகன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். என் கை டேப்பின் மேல் இருக்கிறது.

"இரு."

கிட்டார் கீழே விழுந்த சத்தம் தட்டில் நன்றாகவே கேட்கும். டிரம் பாய் குச்சியைத் தூக்கி எறிந்தான். "அல்லா, இன்னும் ரெண்டு லைன்டா. ரெண்டே லைன்."

"அலை ரெண்டாயிடுச்சி" என்றான் அவன். "கரையில ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மொகத்துவாரத்துல அலை ஒடையுது. வாடை திரும்பிடுச்சி."

ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, தாழ்ப்பாளை இழுத்து ஓடினான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது, சவுக்கு இலைகூட அசையவில்லை. ஆனாலும் மற்ற இரண்டு பேரும் அவன் பின்னால் ஓடினார்கள். நானும் எழுந்தேன். எழுந்தபோது ஹெட்போன் கையில் இருந்தது, பழக்கத்தில் காதில் வைத்துவிட்டேன். அவ்வளவுதான், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னது அதில் இருந்தது. ஓர் அலை உடைகிறது, அது அடங்குவதற்குள் அதன் முதுகில் தூரத்தில் இன்னொன்று. முதலில் ஆற அமர, பிறகு நெருங்கி, பிறகு மூச்சு விட இடமில்லாமல்.

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பானை வழியாக நான் கேட்டதை இன்றைக்கும் காதில் வைத்திருக்கிறேன். அவன் கூவி ஆள் சேர்க்கிற சத்தம். பெண்கள் ஓடிவருகிற சத்தம். கட்டுமரத்தை மணலில் தள்ளும் "ஏலே ஏலே". கயிறு, கயிறு என்று யாரோ. பிறகு ஒரு பெரிய அலறல், எல்லோரும் ஒரே வாயாக. படகு மணல்திட்டில் ஏறிக் கவிழ்ந்த நேரம் அதுதான் என்று பிறகு சொன்னார்கள். அதற்கப்புறம் மனுஷக் குரலே இல்லை. அலை மட்டும். நான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிடுமோ, தீர்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடுமே என்று அதற்கு வேறு பயந்தேன்.

பிறகு யாரோ இருமினார்கள். தண்ணீர் குடித்தவன் இருமல். பானைக்குப் பக்கத்தில்.

"டேய், விட்றா, நானே நடக்கறேன்" என்றது அந்தக் குரல். அவன் அண்ணன்.

அண்ணனோடு படகில் போன இரண்டு பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று பெண்கள் பேசிக்கொள்வது கேட்டது. படகு கவிழுமுன்னே கயிறும் கட்டுமரமும் தண்ணீரில் இருந்ததால்தான் மூன்று பேரும் கிடைத்தார்கள். அதன் பிறகு வேட்டித் துணியை யாரோ விலக்கினார்கள், மூச்சிரைப்பு என் காதுக்குள்ளேயே வந்துவிட்டது.

"நைனா. ஓடுதா? ஓடுச்சின்னா இத்தையும் எடுத்துக்க."

"யார்கிட்டடா பேசற, பானைகிட்ட?" இது அண்ணன்.

"மைக் செட்டுக்காரர்கிட்ட. நீ சும்மா இரு."

பாடினான். மூச்சு வாங்கிக்கொண்டு, சுருதி எங்கேயோ போய், கிட்டாரும் இல்லை, டிரம்மும் இல்லை, அலைதான் தாளம்.

"வெளக்க ஏத்தி வையி, வாசல்ல நில்லு,
வந்துட்டான் வந்துட்டான்னு ஊருக்குச் சொல்லு."

நடுவில் அண்ணன் இருமுகிறார். முடிந்ததும் யாரோ ஒரு பெண், "இவனுக்கு இன்னா பைத்தியமா?" என்கிறாள். அதோடு டேப் தீர்ந்து, ஸ்பூல் பட்பட்டென்று அடித்துக்கொண்டது.

பொங்கலுக்கு முன்னால் அதையே எடுத்துக்கொண்டு போனோம். மேனேஜர் முழுவதும் கேட்டார். நல்ல மனுஷன், எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். "இதுல ஒரு ஊரே கத்துதுப்பா, இத நான் எப்படி விக்கறது" என்றார். குழு அதோடு முடிந்தது. அவன் பிறகும் வாசித்தான், திருவிழாக்களில், கடற்கரைகளில், கூரை இல்லாத இடமாகப் பார்த்து. இப்போது அவன் இல்லை. நோயில் போனான், படுக்கையில், ஜன்னல் திறந்திருக்க. கடைசி வாரத்தில் பார்க்கப் போனபோதும் பேச்சை நிறுத்திக் கையைத் தூக்கினான். நானும் நிறுத்தினேன். இரண்டு பேரும் கேட்டோம்.

இந்தத் தட்டு வந்ததும் அவன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். நடக்க முடியாதவர், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பாட்டைப் போட்டேன். தம்பி குரல் வந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "இரு" வந்தது. கிட்டார் விழுந்தது. கதவு திறந்தது. பிறகு கொஞ்சம் அலை, அப்படியே மெல்லத் தேய்ந்து, மௌனம். தட்டு முடிந்துவிட்டது.

அவர் காத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் இருமினது எங்க?"

புத்தகத்தைப் பிரித்துப் பேரனை வாசிக்கச் சொன்னேன். பாடகர் கோபித்துக்கொண்டு வெளியேறியதால் பாட்டு முற்றுப்பெறவில்லை, தொடர்ந்து வரும் இரைச்சல் நீக்கப்பட்டுள்ளது என்று போட்டிருந்தது. அலை ஓசைக்கும் ஒரு வரி இருந்தது. ஆழமான முழக்கத்தோடு கடலைப் பின்னணியில் சேர்த்தது யாருடைய யோசனை என்று தெரியவில்லையாம்.

"அவன் கோச்சிக்கினு போவல" என்றார் அண்ணன். துண்டைக் கட்ட மறந்து அப்படியே போனார்.

அன்றைக்கே சென்னைத் தம்பிக்கு போன் போட்டேன். ஸ்பூல் எங்கே என்று கேட்டேன். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகக் கட்டி வைத்தோம், வீடு மாறியதில் ஒரு பெட்டி காணவில்லை, தேடிப் பார்க்கிறேன் ஐயா என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து பேச்சு வரவில்லை. எனக்குத் தூக்கம் இல்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் கை நிற்கிறது. போன் அடித்ததுபோல் இருக்கிறது, மனைவியிடம் "இரு" என்கிறேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. தட்டு நல்ல தட்டு, எல்லோரும் வாங்கலாம். ஆனால் தம்பி, அந்தப் பெட்டியைத் தேடுங்கள். வெட்டியதை ஒட்டுங்கள். முற்றுப்பெறவில்லை என்கிற வரியை அடித்துவிடுங்கள். அந்தக் கொட்டகையில் முழுசாக முடிந்த ஒரே பாட்டு அதுதான், கடைசி இரண்டு வரி பானைக்குள் இருக்கிறது. அதைக் கேட்க ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், சீக்கிரம் செய்யுங்கள். அப்புறம் புத்தகத்தில், கடல் யாருடைய யோசனை என்று தெரியவில்லை என்றிருக்கிறீர்களே, அதற்குப் பதிலாக அட்டையில் என் பெயரைப் போடுங்கள். சின்ன எழுத்து வேண்டாம், அவன் பெயர் எந்த அளவோ அந்த அளவு.

கரையில் மைக் வைத்தவர்: மு. கன்னியப்பன், பழவேற்காடு. பானை: அவர் மனைவி சரோஜா.